மண்ணுளிக்கு யார் விலை வைத்தது?

பாம்புகளைப் பற்றி எழுதுவதால் எனக்கு வரும் கேள்விகளில் முன்பெல்லாம் முக்கால்வாசி "கடிச்சா என்ன செய்யணும்?" என்பதாகத்தான் இருக்கும். இப்போது அதற்குச் சமமாக இன்னொன்றும் வருகிறது: "போவா வளர்த்து, குட்டி எடுத்து விற்கலாமா? நல்ல காசாமே?" ஆவடியிலிருந்து கேட்கிறார்கள், பூந்தமல்லியிலிருந்து கேட்கிறார்கள். பட்டாபிராமில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி, டெலிவரி வேலை பார்ப்பவன், வண்டியை ஓரங்கட்டிவிட்டே கேட்டான்.

"கொளத்தூர்ல மொட்டை மாடியில தொட்டி கட்டி வண்ணமீன் குஞ்சு எடுத்து விக்கிறாங்க இல்லண்ணா? அதே மாதிரி இதைப் பண்ணா என்ன?"

நியாயமான கேள்வி. மேற்குச் சென்னையில் வளர்ந்த யாருக்கும் கொளத்தூர் மீன் வியாபாரம் ஒரு நம்பிக்கை. சின்ன முதல், கொஞ்சம் பொறுமை, ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவனுக்கு நின்றபடி சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

போவா என்றால் எங்கோ அமேசான் காட்டுப் பிராணி என்று நினைத்துத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அனகோண்டா போவா வம்சம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வம்சத்தின் குட்டையான உறவுக்காரர்கள் நம் ஊர் மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள். மண்ணுளிப் பாம்புகள் எல்லாம் போவாக்கள். இந்தியாவில் மூன்று வகை உண்டு. ஒன்று சிவப்பு மண்ணுளி, இருதலை மணியன் என்று ஊரில் சொல்வது. இன்னொன்று சொரசொரப்பான செதிலுள்ள சாதாரண மண்ணுளி. மூன்றாவது மேற்குக் கடற்கரைப் பக்கம் இருப்பது. 1991ல் இந்திரனீல் தாஸ் அதைத் தனி இனமாக விவரித்து, சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரின் பெயரை வைத்தார்.

முதல் இரண்டுக்கும் அறிவியல் பெயர் கிடைத்தது ஒரே ஆண்டில், 1801ல். இரண்டையுமே அன்று 'போவா' என்றுதான் எழுதி வைத்தார்கள். சிவப்பு மண்ணுளியின் பெயரில் ஒரு ஜான் இருக்கிறார். அவர் நம் தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார். ஊழியத்துக்கு நடுவே மீன், பாம்பு என்று சேகரித்தபடி இருந்தவர். அந்தப் பெயரைச் சூட்டியவர் பாட்ரிக் ரஸ்ஸல், கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் அதே ரஸ்ஸல். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண்ணாடி விரியன் இந்தக் கதையில் மறுபடி வரப்போகிறது.

ஒரே ஆண்டில் பெயர் பெற்ற இந்த இரண்டில் ஒன்றுக்குக் கோடி ரூபாய் விலை சொல்கிறார்கள். மற்றதை யாரும் சீந்துவதில்லை. விலை இருப்பதால் ஒன்று சாகிறது, யாருக்கும் தெரியாததால் மற்றது சாகிறது. வளர்ப்பு, சந்தை, லாபம் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது.

எங்கள் பக்கம் கண்ணில் படுவது அந்தச் சீந்தப்படாத மண்ணுளிதான். வெளிவட்டச் சாலை வந்த பிறகு நெமிலிச்சேரி, தண்டுரை, சித்துக்காடு பக்கமெல்லாம் வயல் வரப்பு பிளாட் கல்லாகிக்கொண்டே வருகிறது. 2024 நவம்பரில் பட்டாபிராம் டைடல் பார்க் திறந்தார்கள். அதற்குப் பிறகு காலி மனை என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கடைக்கால் தோண்டும்போது இளகின மண்ணிலிருந்து இது வெளியே விழும். அப்படி விழுந்த ஒன்றை, வனத்துறையோடு சேர்ந்து பாம்பு மீட்கும் நண்பர் ஒருவர் எடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கை நீளம்கூட இல்லை, ஆனால் நல்ல கனம். கழுத்து என்று தனியாக ஒன்று தெரியவில்லை. தலை அப்படியே உடம்பாகிவிடுகிறது. கண் ஒரு கடுகு. மூக்கு நுனி மண்ணை நெம்பித் தள்ள வாகாகச் சற்றுத் தட்டையாக இருந்தது. நடு உடம்பில் தடவினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாலுக்குப் பக்கம் போகப் போகச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு எழும்பி, விரலைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் உரசுகிறது. வால் சட்டென்று முடிந்து கூம்பிவிடுகிறது. பழுப்பு உடம்பில் அடர்ந்த திட்டுகள் ஒன்றையொன்று தொட்டு, கோணல்மாணலாக ஒரே பட்டையாக ஓடுகின்றன.

அந்தத் திட்டுகள்தான் அதன் உயிருக்கு எமன். மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணாடி விரியன் குட்டி. தடித்த உடம்பு, பழுப்பு நிறம், திட்டு, குட்டை வால். கொத்தனார் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து ஒரே போடு. தப்பித்தவறி யாராவது "இது மண்ணுளிப்பா" என்று கண்டுபிடித்துவிட்டாலும் நிலைமை மாறாது. "ஐயையோ, நக்கினா குஷ்டம் வரும்" என்று இன்னொருவர் கல்லெடுப்பார். குஷ்டத்துக்குக் காரணம் ஒரு பாக்டீரியா. மண்ணுளிக்கு விஷம் கிடையாது. சட்டென்று பக்கவாட்டில் திரும்பிக் கடிக்கும், அது உண்மை. கடித்த இடத்தில் சின்னக் கீறல், சோப்புப் போட்டுக் கழுவினால் தீர்ந்தது. எலியை வளைத்து நெரித்துத் தின்னும் பிராணி, வயலுக்கு வேண்டியது.

இனி விலை உள்ளதைப் பார்ப்போம்.

தம்பி போனில் ஒரு வீடியோ காட்டினான். சிவப்பு மண்ணுளியைத் தராசில் வைக்கிறார்கள். "ரெண்டரை கிலோ தேறினா கோடிண்ணா, வெளிநாட்டுல இருந்து பார்ட்டி வருது." கண்ணாடியில் அதன் உருவம் தெரியாது என்கிறார்கள், வீட்டில் இருந்தால் பணம் கொட்டும் என்கிறார்கள், எய்ட்ஸுக்கு மருந்து என்கிறார்கள். வாலும் தலை போலவே மழுங்கி இருப்பதால் இரண்டு தலை. ஆறு மாதம் இந்தப் பக்கம், ஆறு மாதம் அந்தப் பக்கம் நடக்குமாம். அந்த மழுங்கிய வால் எதற்கு என்றால், எதிரி வந்தால் தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். கொத்து வாலில் விழும், தலை தப்பும். பல காலமாக அதைக் காப்பாற்றிய தந்திரம் மனிதனிடம் வந்தபோது அதற்கே வினையாகிவிட்டது.

வன உயிரினப் பாதுகாப்புக்காக இயங்கும் டபிள்யூ.சி.எஸ். இந்தியா அமைப்பு 2016 முதல் 2021 வரை ஊடகங்களில் வந்த செய்திகளைத் தொகுத்தது. சிவப்பு மண்ணுளி பறிமுதல் 172 சம்பவங்கள், 18 மாநிலங்களில். மகாராஷ்டிரம் முதலிடம், உத்தரப் பிரதேசம் அடுத்து. பிடிபட்டதும் செய்தியானதும் மட்டும் இவ்வளவு. அந்தச் சம்பவங்களுக்குள் நடப்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. எடை கூட்ட வாய்க்குள் இரும்புக் குண்டு திணித்திருக்கிறார்கள். இரண்டாவது தலை 'தெரிவதற்காக' வாலில் சூடு போட்டுக் கண்ணும் வாயும் வரைந்திருக்கிறார்கள்.

இந்தச் சந்தையில் கடைசியாக வாங்குகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். யாருமில்லை. ஒருவன் பிடிக்கிறான், அடுத்தவன் அட்வான்ஸ் கொடுக்கிறான், அவன் இன்னொருவனிடம் கூடுதலாக அட்வான்ஸ் வாங்குகிறான், 'பார்ட்டி' என்று ஒருவர் எப்போதும் நாளைக்கு வருகிறார். நம் ஊரில் சாதாரணச் செம்புச் சொம்பைக் காட்டி ரைஸ் புல்லிங், இரிடியம் கலசம் என்று ஏமாற்றினார்களே, அதே சூத்திரம். செம்புச் சொம்புக்கு வலிக்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம். பாம்பு நடுவில் எங்கோ ஒரு சாக்குப்பைக்குள் செத்துவிடும். புதிதாக இன்னொன்றைத் தேடி மண்ணைக் கிளறுவார்கள்.

"சரிண்ணா, பிடிக்க வேணாம். வளர்த்துக் குட்டி எடுத்தா?" என்றான். முடியாது. உள்ளூர் மண்ணுளியைப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டிலேயே பிறந்த குட்டி என்று சொல்லித் தப்ப வழியில்லை. தாய் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: காட்டிலிருந்து.

சட்டத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் கொளத்தூர்க் கணக்கு இங்கே ஒத்துவராது. கப்பி மீன் மாதத்துக்கு ஒருமுறை குஞ்சு விடும். மண்ணுளி இனச்சேர்க்கைக்குத் தயாராகவே சில வருடங்கள் ஆகும். சேர்ந்த பிறகு நான்கு மாதம் போல வயிற்றில் சுமக்கும். சினையான பெண் பாம்பு வெப்பமான மூலையை விட்டு நகராது, பெரும்பாலும் சாப்பிடாது. போவாக்களில் பெரும்பாலானவை முட்டையிடுவதில்லை, குட்டிதான். மெல்லிய ஈரப்பையோடு ஒவ்வொன்றாக வெளியே வந்து, மூக்கால் முட்டிக் கிழித்துத் தலையை நீட்டும். சிவப்பு மண்ணுளிக் குட்டி அந்த வயதில் ஆரஞ்சு நிறத்தில், வால்பக்கம் கறுப்பு வளையங்களோடு அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு ஈத்துக்கு ஆறு, எட்டு என்ற அளவில் கிடைக்கும். அடுத்த வருடமே தாய் மறுபடி ஈனும் என்று உறுதி இல்லை. இவ்வளவு மெதுவாகப் பெருகும் பிராணியைக் காட்டிலிருந்து வருடா வருடம் அள்ளினால் என்ன ஆகும் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

முட்டையிடும் மண்ணுளியும் உண்டு, அரேபியப் பாலைவனத்தில். மஸ்கட்டில் பணியாற்றிய ஜயகர் என்ற இந்திய மருத்துவரின் பெயரில் அது இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த பாம்புகளில் ஒன்று: கண்கள் தலையின் உச்சியில், உடம்பு முழுக்க மணலுக்குள்.

வெளிநாட்டில் பாம்பு வளர்ப்பு பெரிய தொழில். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்காட்சி வைத்து விற்கிறார்கள். அங்கே விலையைத் தீர்மானிப்பது நிறம். சாதாரண நிறத்தில் பிறந்த பாம்பு மலிவு. வெள்ளை, மஞ்சள், திட்டு மாறிய 'மார்ஃப்' என்றால் விலை ஏறும். 1990களில் முதல் அல்பினோ பால் பைத்தான் குட்டிகள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயின. எல்லோரும் அதையே பெருக்கினார்கள், விலை விழுந்தது, அடுத்த நிறத்தைத் தேடி ஓடினார்கள். இந்த ஓட்டத்தில் நிறம் மாறாத, கண்ணைப் பறிக்காத போவாக்கள் பின்தங்கிவிட்டன. கனடா வரை குளிரில் வாழும் ரப்பர் போவா. பார்க்க ஒரு பழுப்புக் குழாய், சில வருடங்களுக்கு ஒருமுறை சில குட்டிகள். பசிபிக் தீவுகளின் காண்டோயா போவாக்கள். இவற்றைப் பெருக்குபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

இதில் நான் முதலில் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. விலை மலிவாக இருந்தால் அந்த இனத்துக்கு நல்லது என்றுதானே தோன்றும்? காண்டோயாவைப் பாருங்கள். எலிக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவுகூடத் திரும்பாத விலை என்பதால் பண்ணையில் யாரும் மெனக்கெடுவதில்லை. தீவுகளிலிருந்து பிடித்து அனுப்புவதே மலிவு. ஆக விலை ஏறினாலும் காட்டிலிருந்து எடுக்கிறார்கள், இறங்கினாலும் காட்டிலிருந்து எடுக்கிறார்கள். சந்தை காப்பாற்றும் என்ற வாதத்தை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

விலையே இல்லாமல் பெருக்கிய கதையும் உண்டு. கரீபியனில் வர்ஜின் தீவு போவா என்று ஒல்லியான, மங்கிய நிறப் பாம்பு. அமெரிக்காவின் டொலீடோ விலங்குக் காட்சிசாலை அதைப் பெருக்கும் திட்டத்தில் முன்னின்றது. 1993 முதல் 1995 வரை 41 பாம்புகளை, எலிகளை ஒழித்துச் சுத்தம் செய்த கயோ ரதோனஸ் என்ற குட்டித் தீவில் விட்டார்கள். 2004 வாக்கில் அங்கே ஏறக்குறைய 500 இருந்தன. யாரும் ஒரு காசு பார்க்கவில்லை. பாம்பு வளர்ப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். நம் பக்கத்திலும் காட்சிசாலைகள் சந்தைக்கு வெளியே தங்களுக்குள் பாம்புகளைக் கைமாற்றிக்கொள்கின்றன. 2014ல் இலங்கையின் தெஹிவளைக் காட்சிசாலை ஏழு அனகோண்டாக்களைத் திருவனந்தபுரத்துக்குக் கொடுத்தது.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நடப்பதோ வேறு. 2023 ஜனவரியில் பாங்காக் விமானத்தில் வந்த பைகளிலிருந்து 45 பால் பைத்தான், 8 கார்ன் ஸ்நேக். அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும். 2024 ஏப்ரலில் பெங்களூரில் ஒருவர் பையில் 10 மஞ்சள் அனகோண்டா. பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளும் துணி முடிச்சுக்குள்ளும் பல மணி நேரம். நமக்குப் பிடிபட்டவை மட்டும்தான் தெரியும். நகரத்தில் யாரோ "பேப்பர் இருக்கு" என்று விற்கும் போவாவின் பூர்வீகம் இந்தப் பைகளில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பேப்பர் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022ல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. வன உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்கள் நான்காம் அட்டவணையாகச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. போவாக்கள் எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள்படி வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், இறந்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். மடகாஸ்கர் போவா, அர்ஜென்டினா போவா போல சைட்டீஸின் முதல் பட்டியலில் உள்ளவற்றைப் பெருக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் உரிமமும் வாங்க வேண்டும். விற்பவர் பதிவுச் சான்றும் இறக்குமதிச் சான்றும் காட்டவில்லை என்றால், அவர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் வாங்காதீர்கள்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்து ஒருவர் வளர்க்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். எனக்குக் கவலை தீராது. தொட்டியில் அலுத்துப்போன சக்கர் மீனை ஏரியில் விட்டோம். இன்று சென்னை ஏரிகளில் வலை போட்டால் அதுதான் வருகிறது. போவாவும் அப்படிப் பரவும். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் 1970களில் சில போவாக்களை விட்டார்கள், இன்று தீவு முழுக்கப் பரவிவிட்டன. கரீபியனின் அரூபாவிலும் இதே நிலை. பட்டாபிராம் மாதிரி மழைக்கு மழை தண்ணீர் புகும் ஊரில், ஒரு டிசம்பர் ராத்திரியில் கூண்டு மிதந்தால் போதும். போவாக்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோயும் இருக்கிறது. கழுத்தை நிமிர்த்த முடியாமல் உடம்பு முறுக்கிச் சாகும், மருந்து கிடையாது. அது வெளியே போனால் நம் மண்ணுளிகளைத் தொடுமா என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

செல்லப் பாம்பு காட்டுக்குள் போனால் அதைப் பிடிக்க யாரைக் கூப்பிடுவார்கள் தெரியுமா? நம் ஆட்களை. ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்பை வைத்து நேர்மையாகச் சம்பாதிக்கும் வழி தமிழ்நாட்டில் ஒன்று உண்டென்றால் அது இவர்களுடையது. வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பவும் காட்டில் விடுகிறது. நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தின் பின்னால் அந்த விஷம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை வேண்டும் அதற்கு. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் இறங்க முடியாது.

தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ பாம்புன்னா பிடிச்சவன் என்னதாண்ணா பண்றது?" என்றான். பாம்பு மேல் அவனுக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறது. பணம் அதற்கு ஒரு சாக்கு. கிண்டிப் பாம்புப் பண்ணைக்குப் போய் மண்ணுளிக் கூண்டுக்கு முன்னால் நின்று பார் என்றேன். பிறகு நம் தெருவுக்கு வந்து நாலு கொத்தனாரிடம் பேசு என்றேன். ஏனென்றால் சித்துக்காட்டிலோ தண்டுரையிலோ அடுத்த கடைக்கால் தோண்டும்போது விழப்போகும் பாம்பின் உயிர் அந்த நாலு பேருக்குத் தெரிந்ததைப் பொறுத்தே இருக்கிறது.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கண்ணாடி விரியனுக்கு முதுகில் தனித்தனி முட்டை வடிவத் திட்டுகள் மூன்று வரிசை, ஓரம் கறுத்து இருக்கும். தலை முக்கோணம், கழுத்து ஒடுங்கித் தெரியும். கிட்டே போனால் குக்கர் ஆவி போல உரக்கச் சீறும். மண்ணுளிக்குத் திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோணலாக ஓடும்; கழுத்தே தெரியாது; விட்டால் மண்ணுக்குள் தலையைச் செருகப் பார்க்கும். ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் விரியன் என்றே வைத்துக்கொண்டு ஆறடி தள்ளி நில்லுங்கள், தொடாதீர்கள், வேலையை நிறுத்துங்கள், தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள். அவர்கள் வரும்வரை மண்வெட்டியை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.